வாடகை வீட்டின் இன்னொரு திறப்பு யாரிடம் இருக்க வேண்டும்?

வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அனெக்ஸில் சில காலம் வாடகைக்கு இருந்தேன். ஒருநாள் பின்னேரம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, காலையில் திறந்துவிட்டுப் போன யன்னல் சாத்தியிருந்தது. கொடியில் கிடந்த உடுப்புகள் மடித்துக் கட்டிலில் வைக்கப்பட்டிருந்தன. மேசையில் பரப்பி வைத்திருந்த கடதாசிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன.

வீட்டுக்கார அன்ரியிடம் கேட்டேன். “மழை வரப்பாத்தது பிள்ளை. அதுதான் உள்ளுக்குப் போய் எல்லாம் எடுத்து வைச்சனான்” என்றார். அவர் அன்பான மனிசி. நோய் வந்தால் கஞ்சி காய்ச்சித் தருபவர். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால், அன்றிரவு எனக்கு நித்திரையும் வரவில்லை. அந்தக் கடதாசிகளுக்குள் என் குறிப்புப் புத்தகம் கிடந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் சிலர், பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு சொன்ன விடயங்கள் அதில் இருந்தன. அன்ரி அதைப் பார்த்திருக்கமாட்டார். ஆனால், பார்க்கவில்லை என்பதை அறிய எனக்கு எந்த வழியும் இருக்கவில்லை. அவரிடம் திறப்பு இருந்தது என்பது மட்டுமே எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

வாடகைக்கு வீடு எடுக்கும்போது எத்தனை மாத முற்பணம், லைட் பில் யார் கட்டுவது, மோட்டர் எத்தனை மணிக்குப் போடுவது என்றெல்லாம் கேட்கிறோம். “இந்தக் கதவுக்கு எத்தனை திறப்பு இருக்கிறது, மற்றது யாரிடம்?” என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால் வீட்டுக்காரரைச் சந்தேகிப்பதுபோல் ஆகிவிடும் என்ற கூச்சம். இன்னொன்று, வீடு அவருடையதுதானே என்ற எண்ணம். அந்த எண்ணம் சட்டப்படி சரியா என்பதைப் பார்ப்போம்.

உரித்து வேறு, ஆட்சி வேறு

காணிப் பிரச்சினையோடு வாழ்ந்த நமது மக்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. உறுதி ஒருவர் பெயரில் இருக்கும், நிலத்தில் இருப்பவர் வேறொருவர். வலிகாமம் வடக்கில் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு முட்கம்பி வேலிக்கு வெளியே ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்கு அது அநியாயமாக நடந்தது. அவர்களுடைய சம்மதம் இல்லாமலேயே ஆட்சி பறிக்கப்பட்டது.

வாடகையில் நடப்பது இதற்கு நேரெதிரானது. உரித்தாளர் தானே விரும்பி, பணம் பெற்றுக்கொண்டு, குறித்த காலத்துக்கு ஆட்சியை இன்னொருவருக்குக் கொடுக்கிறார். யாழ்ப்பாணத்தில் ஒற்றி என்பது பழைய வழக்கம். ஒற்றிக்குக் கொடுத்த காணியின் விளைச்சல், கடனுக்கான வட்டிக்குப் பதிலாக ஒற்றி பிடித்தவருக்குச் சேரும். மீட்கும்வரை காணிக்காரர் உள்ளே போய் மாங்காய் பிடுங்குவதில்லை. உரித்து தன்னிடம் இருந்தாலும் அனுபவிக்கும் உரிமை இப்போது தன்னிடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். வாடகை வீட்டுக்கும் இதே அறிவு பொருந்தும்.

இலங்கையில் வாடகை உறவின் அடித்தளம் உரோம-டச்சுச் சட்டம். அதன்படி வீட்டைக் கொடுப்பவருக்கு உள்ள முதன்மைக் கடமைகளில் ஒன்று, குடியிருப்பவர் இடையூறு இல்லாமல் அந்த வீட்டை அனுபவிக்க விடுவது. அவசியமான திருத்த வேலைகளுக்காக நியாயமான முறையில் உள்ளே வர அவருக்கு இடமுண்டு. நினைத்த நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போவது அதற்குள் அடங்காது.

தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவும் கவனிக்க வேண்டியது. குற்றமுறையான அத்துமீறலை அது வரையறுக்கும்போது “இன்னொருவருக்குச் சொந்தமான” இடம் என்று சொல்லவில்லை. இன்னொருவர் வசம் இருக்கும் இடத்தைப் பற்றியே பேசுகிறது. குற்றம் செய்யும் நோக்கத்தோடோ, அங்கு இருப்பவரை மிரட்டும், அவமதிக்கும் அல்லது தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடோ நுழைந்தால் அது அத்துமீறல். ஆகவே, வீட்டின் உரிமையாளர் என்பது மட்டுமே ஒருவருக்குப் பாதுகாப்பாகிவிடாது. அதேநேரம் நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. மழைக்கு யன்னல் சாத்த வந்த அன்ரி குற்றவாளி அல்ல. வாடகை பிந்தியதற்காக ஆள் இல்லாத நேரம் திறந்து, சாமான்களை வெளியே எடுத்து வைத்து, மிரட்டுபவரின் நிலை வேறு.

இதிலிருந்து ஒரு விடயம் தெளிவாகிறது. திறப்பை வைத்திருப்பதும் உள்ளே நுழையும் உரிமையும் ஒன்றல்ல. வீட்டுக்காரரிடம் மேலதிகத் திறப்பு இருப்பதை எந்தச் சட்டமும் நேரடியாகத் தடை செய்யவில்லை. ஆனால், அந்தத் திறப்பு அவருக்கு நுழைவதற்கான அனுமதியைக் கொடுத்துவிடுவதில்லை. அனுமதி குடியிருப்பவரிடமிருந்தோ, உடன்படிக்கையிலிருந்தோ, உண்மையான அவசரத்திலிருந்தோ வர வேண்டும்.

நமக்கு இது ஏன் சின்ன விடயம் அல்ல

வேறு சமூகங்களில் இது தனியுரிமை பற்றிய விவாதமாக முடிந்துவிடலாம். போருக்குள் வாழ்ந்தவர்களுக்குக் கதவு திறக்கப்படும் சத்தத்துக்கே ஒரு வரலாறு இருக்கிறது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது பலர் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையோடு எடுத்துச் சென்றார்கள். சில நாளில் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கை அது. பிறகு வந்து பார்த்தபோது பல வீடுகளில் திறப்பு இருந்தது, பூட்டும் கதவும் இருக்கவில்லை. இன்னும் சில வீடுகளில் பவுடர் ரின்னுக்குள் அந்தத் திறப்பு கிடக்கிறது.

கொழும்பில் வேறொரு அனுபவம். சுற்றிவளைப்பு இரவுகளில் கதவு தட்டப்படும். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, எதற்காக வந்தீர்கள், எப்போது போவீர்கள் என்ற கேள்விகள். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, பணம் கட்டி லொட்ஜ் அறைகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில், அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அறைக்குக் காசு கட்டியதும் கையில் திறப்பு இருந்ததும் அவர்களுக்கு உதவவில்லை. நீதிமன்றத்தின் கட்டளை ஒன்றே உதவியது.

இந்த நினைவோடு இருப்பவருக்கு, தான் இல்லாத நேரம் யாரோ அறைக்குள் வந்துபோன தடயம் வெறும் எரிச்சல் அல்ல. காணாமல்போன மகனின் படம், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த முறைப்பாட்டுப் பிரதிகள், தடுப்பிலிருந்து வந்த கடிதங்கள் ஆகியவை பலருடைய ட்ரங்குப் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றை யார் பார்க்கலாம் என்பது அவர்களுடைய பாதுகாப்போடு தொடர்புபட்டது.

தனியாக இருக்கும் பெண்களின் நிலையும் உண்டு. கணவனை இழந்து பிள்ளைகளோடு வாடகைக்கு இருப்பவர்கள், ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள், பல்கலைக்கழகத்துக்கு அருகில் அறை எடுத்திருக்கும் மாணவிகள் ஆகியோருக்கு மற்றத் திறப்பு யாரிடம் என்பது இரவில் நித்திரை கொள்வது பற்றிய கேள்வி. வீட்டுக்காரர் நல்லவராக இருக்கலாம். அவருடைய வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. சுவரில் ஆணியில் தொங்கும் திறப்பை யாரும் எடுக்கலாம்.

இன்று புதிதாகச் சேர்ந்திருக்கும் சிக்கல் ஒன்றும் உண்டு. வீட்டின் உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருப்பார். திறப்பு ஒரு மச்சானிடம் இருக்கும். மச்சான் ஊரில் இல்லாவிட்டால் தரகரிடம் இருக்கும். தொடர்மாடி என்றால் காவலாளியிடமும் ஒன்று இருக்கும். ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்க ஆளே இல்லாத நிலை இது.

வீட்டுக்காரர் பக்கத்து நியாயம்

அவர்களுடைய பயமும் பொய்யல்ல. குடியிருப்பவர் ஊருக்குப் போயிருக்கும்போது தண்ணீர்க் குழாய் வெடித்துக் கீழ்வீட்டுக்குள் ஒழுகலாம். கேஸ் மணக்கலாம். மின்னொழுக்கு ஏற்படலாம். தனியாக இருக்கும் வயோதிபர் உள்ளே விழுந்து கிடக்கலாம். அந்த நேரத்தில் கதவை உடைப்பதைவிடத் திறப்பு இருப்பது நல்லது என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

இரண்டாவது, வீடு திரும்பக் கிடைக்காதோ என்ற பயம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், தன் வரம்புக்குள் வரும் வீடுகளில் குடியிருப்பவரை எழுப்புவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. அந்தச் சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் வழக்காடிய கதைகளைக் கேட்டு வளர்ந்த வீட்டுக்காரர்கள், ஒரு திறப்பாவது கையில் இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள். ஆனால், அந்தப் பயத்துக்குத் திறப்பு மருந்தாகாது. குடியிருப்பவர் வாடகை தராவிட்டாலும், காலம் முடிந்தும் போகாவிட்டாலும், தானாகப் பூட்டை மாற்றி அவரை வெளியேற்ற முடியாது. நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். உடன்படிக்கையின் கீழ் கொடுத்த இடத்தை விரைவாக மீட்பதற்கென 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமும் கொண்டுவரப்பட்டது. அதுவும் மாவட்ட நீதிமன்றத்தின் ஊடாகச் செல்லும் வழிதான்.

மூன்றாவது, பொலிஸ். “நாளைக்கு அவங்கள் வந்து கேட்டால் நான்தானே பதில் சொல்ல வேணும்” என்பது போர்க்காலத்தில் கொழும்பில் வீடு கொடுத்த தமிழ், முஸ்லிம், சிங்கள வீட்டுக்காரர் எல்லோரிடமும் இருந்த பயம். அது முற்றாகப் போய்விடவில்லை. இங்கேயும் சட்டம் சொல்வதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, பொலிஸார் கேட்டால் வீட்டில் இருப்போரின் பட்டியலை வீட்டுக்குப் பொறுப்பானவர் கொடுக்க வேண்டும் என்கிறது. அது ஆட்களின் விபரம் பற்றியது. குடியிருப்பவர் இல்லாத நேரத்தில் அறையைத் திறந்து காட்டும் கடமையை அது வீட்டுக்காரர்மீது சுமத்தவில்லை.

பொலிஸார் தேடுதல் நடத்துவதென்றால் அதற்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன. சாதாரணமாக நீதவானின் தேடுதல் ஆணை வேண்டும். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஆணை இல்லாமலே நுழைந்து தேடும் அதிகாரத்தைக் குறித்த தர அதிகாரிகளுக்கு வழங்கியது. அந்த அதிகாரம் எவ்வளவு பரந்ததாக இருந்தாலும் அது அதிகாரியின் அதிகாரம், வீட்டுக்காரருடையது அல்ல. “எந்தச் சட்டத்தின் கீழ் தேடுகிறீர்கள், ஆணை இருக்கிறதா?” என்று கேட்பதும், உடனே குடியிருப்பவருக்குத் தொலைபேசியில் அறிவிப்பதும் வீட்டுக்காரர் செய்யக்கூடியவை. தானே முந்திக்கொண்டு திறப்பை நீட்டினால், கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமல் போய்விடும்.

இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியுரிமை ஒரு தனி உரிமையாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. அதனால்தான் வாடகை உடன்படிக்கையில் நாம் எழுதிக்கொள்ளும் வரிகளுக்குப் பெறுமதி கூடுகிறது.

நம்மவர்கள் வாழும் மற்ற நாடுகளில்

வெளிநாட்டில் இருந்தபடி இங்கே வீட்டை வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கு, தாங்கள் வாழும் நாட்டின் நடைமுறை தெரிந்திருக்கும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, திருத்த வேலை போன்ற காரணங்களுக்காக வீட்டுக்காரர் நுழைய விரும்பினால் 24 மணித்தியாலங்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வருவது காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் இருக்க வேண்டும். அவசரநிலை விதிவிலக்கு. அங்கே குடியிருப்பவரும் வீட்டுக்காரரின் சம்மதமின்றிப் பூட்டை மாற்ற முடியாது. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டின் நிலையைப் பார்வையிட 24 மணித்தியால எழுத்து அறிவித்தலைக் கேட்கிறது.

ஜேர்மனி இன்னும் ஒருபடி மேலே. அங்கு வீட்டைக் கொடுக்கும்போது எல்லாத் திறப்புகளையும் ஒப்படைக்க வேண்டும். குடியிருப்பவர் சம்மதிக்காமல் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. பிரான்ஸில் வாடகைக்கு இருப்பவரின் அனுமதியில்லாமல் உள்ளே நுழைவது உரிமையாளருக்கும் குற்றமாகலாம்.

ஸ்காபரோவில் தன் பேஸ்மென்ற் வாடகைக்காரருக்கு 24 மணித்தியால அறிவித்தல் கொடுக்கும் ஒருவர், கோண்டாவிலில் உள்ள தன் வீட்டுக்கு மச்சானைத் திறப்போடு எந்த நேரமும் அனுப்பலாம் என்று நினைப்பது பொருந்தாது. இரண்டு இடத்திலும் குடியிருப்பவர் மனிதர்தான்.

அப்படியானால் யாரிடம் இருக்க வேண்டும்?

என் கருத்து இது. ஒரே வளவுக்குள் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் இருக்கும் நமது சூழலில், அவசரத்துக்கு ஒரு மேலதிகத் திறப்பு இருப்பது நியாயம். ஆனால், அது குடியிருப்பவரின் சம்மதத்தோடும் நிபந்தனைகளோடும் இருக்க வேண்டும். சம்மதிக்காதவர், தான் நம்பும் ஒருவரிடம் அந்தத் திறப்பைக் கொடுத்து அவருடைய தொலைபேசி இலக்கத்தை வீட்டுக்காரருக்குத் தரலாம். அதுவே வீட்டுக்காரரின் நியாயமான தேவைக்குப் போதும்.

உடன்படிக்கை எழுதும்போது இவற்றைச் சேர்க்கலாம்:

ஒன்று, கதவுக்கு மொத்தம் எத்தனை திறப்புகள், ஒவ்வொன்றும் யாரிடம் என்று பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள். முன்பு குடியிருந்தவர் தன் திறப்பைத் திருப்பித் தந்தாரா என்றும் கேளுங்கள். சந்தேகமிருந்தால் குடிபுகும்போதே புதுப் பூட்டுப் போடச் சொல்லுங்கள்.

இரண்டு, வீட்டுக்காரரிடம் உள்ள திறப்பை உறையில் இட்டு ஒட்டி, இருவரும் மேலே கையொப்பமிடுங்கள். உறை கிழிந்திருந்தால் காரணம் சொல்லப்பட வேண்டும். செலவில்லாத, ஆனால் நன்றாக வேலைசெய்யும் முறை இது.

மூன்று, அவசரம் என்றால் என்ன என்று எழுதுங்கள். தீ, கேஸ் கசிவு, தண்ணீர் அல்லது மின்சார ஆபத்து, உள்ளே இருப்பவரின் உயிருக்கு ஆபத்து. வாடகை பிந்துவது அவசரம் அல்ல. புதிதாக வீடு பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதும் அவசரம் அல்ல.

நான்கு, மற்ற எல்லாத் தேவைக்கும் குறைந்தது ஒரு நாள் முன்னறிவித்தல். வாட்ஸ்அப் செய்தியும் போதும் என்று எழுதிக்கொள்ளலாம். தனியாக இருக்கும் பெண், தான் வீட்டில் இருக்கும்போது மட்டுமே வர வேண்டும் என்றும் சேர்க்கலாம்.

ஐந்து, அவசரத்தில் நுழைந்தால் அன்றைக்கே அறிவிக்க வேண்டும். முடிந்தால் அயலவர் ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு நுழைவது இருவருக்கும் பாதுகாப்பு. பிறகு ஏதாவது காணாமல்போனால் வீட்டுக்காரர்மீது பழி வராது.

இன்னொரு சட்ட விடயம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். வெறும் கடதாசியில் எழுதிய ஓராண்டு ஒப்பந்தத்தை அந்த ஓராண்டுக்கும் வலுவுள்ள குத்தகையாகக் காட்டுவது கடினம். ஆகவே, முடிந்தால் சட்டத்தரணி நொத்தாரிசு ஒருவரிடம் போய் எழுதுவது நல்லது.

ஏற்கனவே நடந்துவிட்டால்

முதலில் பேசிப் பாருங்கள். பலருக்கு அது பிழை என்றே தெரியாது. பிறகு எழுத்தில் அறிவியுங்கள். திகதி, நேரம், என்ன மாறியிருந்தது என்பதைக் குறித்து வையுங்கள், படமெடுத்து வையுங்கள். உள்பக்கத் தாழ்ப்பாள் ஒன்று போட அனுமதி கேளுங்கள். நீங்கள் உள்ளே இருக்கும்போது அதுவே முதல் பாதுகாப்பு.

மிரட்டல் இருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து பிரதியைப் பெறுங்கள். பூட்டை மாற்றி உங்களைப் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால் காலம் கடத்த வேண்டாம். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய காணி, வீட்டுத் தகராறுகள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படலாம். அந்த வழக்குத் தகவல் தாக்கலாவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் ஆட்சியில் இருத்தும்படி நீதிமன்றம் கட்டளையிட முடியும். அந்த இரண்டு மாதக் கணக்கு முக்கியமானது. உறவினர் வீட்டில் தங்கியிருந்து யோசிப்பதிலேயே அது கடந்துவிடும்.

நான் அந்த அன்ரியோடு கடைசியில் கதைத்தேன். குறிப்புப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. “இனிமேல் மழை வந்தால் ஒரு கோல் எடுங்கோ அன்ரி, நான் சொன்னாப் பிறகு திறவுங்கோ” என்றேன். அவருடைய முகம் சற்று வாடியது. இரண்டு நாள் அவ்வளவாகக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் என் கதவைத் தட்டி, ஒரு திறப்பைக் கொண்டுவந்து தந்தார். “இதையும் நீயே வைச்சிரு பிள்ளை. தேவையெண்டால் கேக்கிறன்” என்றார்.

ஒரு கிழமை கழித்து, ஊருக்குப் போகும் நாளில், அதே திறப்பை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.